சாரல் காலத்துப் பிடிப்புகள்

ஆனி பிறந்துவிட்டால் தென்காசியில் துணி காயாது. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும், கூடவே சாரலும் வரும். காலையில் கொடியில் போட்ட வேட்டி மாலையிலும் அதே ஈரத்தோடு தொங்கும். கஞ்சி போட்டு இஸ்திரி செய்ததைக் கட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் பஸ் ஏறினால், மேலகரம் தாண்டுவதற்குள் விறைப்பு போய்விடுகிறது. மழையில் நனையக்கூட வேண்டாம், காற்றில் இருக்கும் ஈரமே போதும்.

அந்த விறைப்பு எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்றுதான் இந்தச் சாரல் முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பருத்தி என்பது செல்லுலோஸ். குளுக்கோஸ் அலகுகள் 10,000 வரைகூட வரிசையாகக் கோத்த, நீண்டு நேராகக் கிடக்கும் சங்கிலி. சோற்றுக்கஞ்சியின் மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான். கோத்திருக்கும் கோணம் வேறு, அதனால் அது நேராக நிற்காமல் சுருள்கிறது. இரண்டிலும் அலகுக்கு அலகு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. துணி காயக் காய, கஞ்சியின் ஹைட்ராக்சிலும் நூலின் ஹைட்ராக்சிலும் நெருங்குகின்றன. ஒன்றின் ஹைட்ரஜன் மற்றதன் ஆக்சிஜன் பக்கம் சாய்கிறது. இரண்டு ஆக்சிஜன்களுக்கும் நடுவே ஏறத்தாழ 0.28 நானோமீட்டர் இடைவெளி. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. இஸ்திரிப் பெட்டியின் சூடு மிச்ச ஈரத்தை விரட்டி, மடித்த மடிப்பிலேயே இந்தப் பிணைப்புகளை நிறுத்திவைக்கிறது. சாரல் காற்று ஈரத்தைத் திரும்பக் கொண்டுவருகிறது. நீர் மூலக்கூறுகள் இடையில் புகுந்து, அந்த ஆக்சிஜன்களைத் தாமே பற்றிக்கொள்கின்றன. வேட்டி துவண்டுவிடுகிறது.

பாலியஸ்டர் சட்டையில் கஞ்சி நிற்காததற்கும் காரணம் இதுவே. அந்த இழையில் பற்றிக்கொள்ள ஹைட்ராக்சில் கிட்டத்தட்ட இல்லை.

*

ஒரு ஹைட்ரஜன் பிணைப்பை மட்டும் எடுத்துப் பார்த்தால் அது மிக மெலிந்தது. நீர் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்துவைத்திருக்கும் பிணைப்பை முறிக்க, மோலுக்கு 460 கிலோஜூல் அளவுக்கு ஆற்றல் வேண்டும். இரண்டு நீர் மூலக்கூறுகளுக்கு நடுவே இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புக்கு 20 கிலோஜூல் போதும். பேரருவியில் விழும் தண்ணீரில் இப்படிப்பட்ட பிணைப்பு ஒவ்வொன்றும் ஒரு விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான் நிலைக்கிறது. உண்டாவதும் முறிவதும் அடுத்த மூலக்கூறோடு சேர்வதுமாகவே தண்ணீர் மலையிலிருந்து சிற்றாறு வரைக்கும் வந்துவிடுகிறது.

அப்படியிருக்க, தண்ணீருக்குள்ளேயே மிதக்கும் இரண்டு சங்கிலிகள் ஏன் ஒன்றையொன்று தேடிப் பற்ற வேண்டும்? சங்கிலியின் ஒவ்வொரு ஹைட்ராக்சிலுக்கும் சுற்றிலும் நீர் இருக்கிறது. அதற்கு வேண்டிய பிணைப்பு அங்கேயே கிடைத்துவிட்டது. இரண்டு சங்கிலிகள் சேர வேண்டுமானால் இரு பக்கமும் நீரோடு இருந்த பிணைப்பை விட வேண்டும். விட்ட பிறகு தங்களுக்குள் ஒரு பிணைப்பு, விடுபட்ட நீருக்குள் ஒரு பிணைப்பு. இரண்டு போய் இரண்டு வந்தது. ஆற்றல் கணக்கில் பெரிய லாபம் ஒன்றும் தெரியவில்லை.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. சங்கிலியை ஒட்டி நின்ற நீர் மூலக்கூறுகள் விடுபட்டு, மற்ற நீரோடு நினைத்த திசையில் திரியத் தொடங்குகின்றன. அந்தச் சுதந்திரத்தையும் இயற்கை கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எதிர்ப்பக்கத்தில் ஒரு நஷ்டமும் உண்டு: தனித்தனியே அலைந்த இரண்டு சங்கிலிகள் சேர்ந்துவிட்டதால் அவை இழக்கும் சுதந்திரம். ஆனால் பிரிந்து கிடந்தவை சந்திப்பதற்கான பெரிய விலையை முதல் பிடிப்பு செலுத்திவிடுகிறது. இரண்டாவது பிடிப்புக்குச் சங்கிலிகள் ஏற்கெனவே அருகில் இருக்கின்றன, மூன்றாவதற்கு இன்னும் அருகில். சட்டையின் முதல் பொத்தானைச் சரியான துளையில் போட்டுவிட்டால் அடுத்த பொத்தான் தன் துளைக்கு நேரே வந்து நிற்பது மாதிரி. சங்கிலி மிகக் குட்டையாக இருந்தால் போட்ட விலை திரும்ப வராது, பிடிப்பு அவிழ்ந்துவிடும். இப்படிச் சேரும் செயற்கைப் பாலிமர்களில் சில பத்து அலகுகளாவது நீளம் இருந்தால்தான் சேர்க்கை நிலைக்கிறது என்று அளந்திருக்கிறார்கள். அதே வேதியியல், அதே தொகுதிகள். நீளம் குறைந்தால் மட்டும் எதுவும் நடப்பதில்லை.

பாடப்புத்தகத்தில் ஹைட்ரஜன் பிணைப்பை ஒரு புள்ளிக்கோடாகப் போட்டுக் காட்டுகிறோம். அந்த ஒற்றைக் கோடு பிள்ளைகளை ஏமாற்றுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வரிசையாகச் சேர்ந்து நிற்கும்போதுதான் அதற்குப் பொருள்.

*

கடையநல்லூரிலும் சங்கரன்கோவிலிலும் தெருவுக்குத் தெரு கைத்தறிச் சத்தம் கேட்ட காலம் உண்டு. பாவு நூலை விடியற்காலையில் தெருவில் நீட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் நீவி ஆற்றுவார்கள். கஞ்சி போடாத பருத்தி நூல், அச்சுக்கும் விழுதுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான தடவை உரசி, பஞ்சு கிளம்பி அறுந்துபோகும். கஞ்சி அந்தப் பிசிறுகளை நூலோடு படுக்கவைக்கிறது.

வயதான நெசவாளர் ஒருவரிடம் பதம் பற்றிக் கேட்டேன். "தம்பி, கஞ்சி கூடிட்டா நூலு விறைச்சு முறிஞ்சிரும். கொறஞ்சா பஞ்சாப் போயிரும். நூலுக்குள்ள எறங்கணும், மேல கட்டி நிக்கக் கூடாது" என்றார். சாரல் நாட்களில் என்ன செய்வீர்கள் என்றதற்கு, "என்ன செய்ய? பாவு நீட்ட முடியாது, சும்மாதான் இருக்கணும்" என்றார். ஈரம் விலகாமல் பிடிப்பு வராது. இது அவருக்கு வயிற்றுப்பாடாகத் தெரிந்திருந்தது.

மாவுச்சத்தைவிடப் பருத்தியை நன்றாகப் பற்றும் ஒன்று நம் சாலையோரத்திலேயே உதிர்ந்து கிடக்கிறது: புளியமுத்து. வறுத்து, கறுத்த தோலை உடைத்து நீக்கினால் உள்ளே தந்த நிறத்தில் பருப்பு. அதைப் பொடித்துப் பச்சைத் தண்ணீரில் போட்டால் சரியாகக் கரையாது. அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தால் திடீரென்று கெட்டிப்படும். கரண்டியைத் தூக்கினால் விட்டுவிட்டுச் சொட்டாமல், கண்ணாடிபோலத் தெளிந்து ஒரே இழையாக இறங்கும். தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகைமேல் துணி ஒட்டுவதும் இந்தப் பசையால்தான். சணல் ஆலைகளும் துணி அச்சிடுபவர்களும் இதை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். ஜப்பானில் உணவைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கிறார்கள். 1940களில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் கோஷும் கிருஷ்ணாவும் இதைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். அப்போது இதைப் பழப் பெக்டினுக்கு ஈடாகப் பார்த்தார்கள். பின்னர்தான் இது வேறு இனம் என்று தெளிந்தது. பெயர் சைலோகுளூக்கான். பருப்பில் பாதிக்கும் மேல் இதுதான்.

அதன் அமைப்பைக் காகிதத்தில் வரைந்து பார்த்தபோது வெகுநேரம் அப்படியே இருந்துவிட்டேன். நடுத்தண்டு அப்படியே செல்லுலோஸ்! அதே குளுக்கோஸ், அதே கோணம், அதே நேர்வரிசை. வேறுபாடு கிளைகளில் இருக்கிறது. நான்கு குளுக்கோஸில் மூன்றின்மேல் சைலோஸ் என்ற சிறு சர்க்கரை உட்கார்ந்திருக்கிறது, சிலவற்றின் நுனியில் காலக்டோஸ். அந்தக் கிளைகள் இடிப்பதால் சைலோகுளூக்கான் தன் இனத்தோடு நெருங்கிப் படுக்க முடிவதில்லை. அதனால் நீரில் மிதக்கிறது. காலக்டோஸில் ஒரு பகுதியை நொதியால் நீக்கிவிட்டால் போதும், தன்னோடு தானே சேர்ந்து ஜெல்லாக உறைந்துவிடுகிறது. கிளையில்லாத செல்லுலோஸோ தன் இனத்தோடேயே நெருங்கிப் படிகமாகி, அலகுக்கு அலகு நீரை விரும்பும் தொகுதி இருந்தும், எந்த அருவியிலும் கரையாமல் நிற்கிறது. அருவியில் குளிப்பவரின் பருத்தித் துண்டு நனைந்தால் சற்று வலுவே கூடுகிறது. கடலை மடித்த காகிதம் அதே தண்ணீரில் கூழாகிவிடுகிறது. காகிதத்தில் நாருக்கும் நாருக்கும் நடுவே இருந்தவை ஹைட்ரஜன் பிணைப்புகள், நீர் அவற்றுக்குள் எளிதாகப் புகுந்தது. பருத்தி நூலில் நார்கள் முறுக்கேறிக் கிடக்கின்றன, படிகத்துக்குள் நீர் புக வழியில்லை.

கரைந்த சைலோகுளூக்கானுக்குள் செல்லுலோஸ் நாரைப் போட்டால், கரைசலிலிருந்து விலகி நாரின்மேல் போய்ப் படிகிறது. பிறகு வெறும் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் அவ்வளவாக வராது. செடியின் சுவரிலிருந்து இதைப் பிரித்தெடுக்க 24 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற கடும் காரம் வேண்டியிருக்கிறது. 20 கிலோஜூல் பிணைப்புகளை அவிழ்க்க அவ்வளவு காரம்! ஹைட்ரஜன் பிணைப்பு மட்டும்தான் காரணம் என்று சொல்லவும் முடியாது. இரண்டின் தட்டையான முகங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி, நடுவிலிருந்த நீரை வெளியே தள்ளுவதற்கும் பங்கு உண்டு.

*

தண்ணீரில் இரண்டு நீண்ட மூலக்கூறுகள் தாமாகவே ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும் என்று ஒரு காலத்தில் யாரும் எளிதாக நம்பவில்லை. 1956இல் அமெரிக்காவில் அலெக்சாண்டர் ரிச்சும் டேவிட் டேவிஸும் இரண்டு செயற்கை ஆர்.என்.ஏ. கரைசல்களைக் கலந்தார்கள். ஒன்றில் அடினின் மட்டுமே வரிசையாக, மற்றதில் யுராசில் மட்டுமே. கலந்ததும் புற ஊதா ஒளியை உறிஞ்சும் அளவு குறைந்தது, கரைசலின் பாகுத்தன்மை கூடியது. அடினினும் யுராசிலும் இரண்டிரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் சேர்ந்து இரட்டைச் சுருளாகிவிட்டன. நொதி எதுவும் உதவவில்லை. கரைசலில் உப்பு இருந்தது, அவ்வளவே. இரண்டு சங்கிலிகளின் முதுகிலும் எதிர்மின்சுமை இருப்பதால் உப்பில்லாத நீரில் அவை விலகியே நிற்கும். அடுத்த ஆண்டு மெக்னீசியம் சேர்த்தபோது மூன்றாவதாக இன்னொரு யுராசில் சங்கிலியும் வந்து சுற்றிக்கொண்டது.

2020இல் ஊரெல்லாம் மூக்கில் குச்சி விட்டு எடுத்த கொரோனா பரிசோதனையும் இதே வேதியியல்தான். 95 டிகிரிக்குச் சூடாக்கினால் டி.என்.ஏ. இழைகள் பிரியும். 60 டிகிரிக்கு இறங்கும்போது, கலந்துவைத்த குட்டி இழை கோடிக்கணக்கான வரிசைகளுக்கு நடுவே தனக்குப் பொருந்தும் இடத்தில் போய் உட்காரும். பொருந்தாத இடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொள்ளும். பிணைப்பு மெலிந்தது என்பதால்தான் தவறிலிருந்து எழ முடிகிறது. வலுத்த பிணைப்பாக இருந்தால் முதலில் தொட்ட இடத்திலேயே ஒட்டிப்போயிருக்கும்.

*

ரிச்சின் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சென்னை நினைவுக்கு வருகிறது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக ஜி.என். ராமச்சந்திரன் வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. லண்டனிலிருந்து வந்த விஞ்ஞானி பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். தோலுக்கும் தசைநாணுக்கும் வலுத் தரும் புரதம் அது. கிண்டியில் பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து மாதிரிகள் வந்தன. கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தார் ராமச்சந்திரனோடு பணியாற்றிய கோபிநாத் கார்த்தா. 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் இருவரும் விடையை வெளியிட்டார்கள்: மூன்று சங்கிலிகள். நடுவில் இடம் மிகக் குறுகல் என்பதால், மூன்றுக்கு ஒன்று அங்கே மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் இருந்தாக வேண்டும். சங்கிலிகளைக் குறுக்கே சேர்த்துவைப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள்.

அடுத்த ஆண்டு அவர்கள் அந்த மூன்றையும் ஒன்றைச் சுற்றி ஒன்றாக முறுக்கினார்கள். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்றார் ராமச்சந்திரன். ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும், அவ்வளவு நெருங்கினால் அணுக்கள் இடிக்கும், ஒரு பிணைப்புக்குத்தான் இடம் உண்டு என்றார்கள். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற அந்த வழக்கைத் தீர்க்க உட்கார்ந்ததிலிருந்துதான், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம் பிறந்தது. புரத அமைப்பைக் கண்டுபிடிப்பவர்கள் உலகெங்கும் இன்றும் தங்கள் விடையை அதன்மேல் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

ஒரு பிணைப்பா, இரண்டா? 1968இல் ராமச்சந்திரனும் சந்திரசேகரனும் இன்னொரு வழி சொன்னார்கள்: இரண்டாவது பிணைப்பு நேராக இல்லாமல், நடுவே ஒரு நீர் மூலக்கூறு நின்று இரு பக்கத்தையும் பற்றிக்கொள்ளலாம். 1994இல் அமெரிக்காவில் பார்பரா பிராட்ஸ்கி, ஹெலன் பெர்மன் ஆகியோரின் குழு கொலாஜனை ஒத்த ஒரு சிறு புரதத்தைப் படிகமாக்கி அணு அணுவாகப் பார்த்தது. நேரடிப் பிணைப்பு மூன்றுக்கு ஒன்றுதான். ஆனால் சுருளைச் சுற்றி உருளைபோல நீர் சூழ்ந்திருந்தது. சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே நீர் வழியான பிணைப்புகளும் இருந்தன.

வேட்டியின் விறைப்பைக் கெடுக்கிற அதே நீர், நம் தோலுக்குள் சங்கிலிகளைச் சேர்த்துவைக்கும் வேலையிலும் இருக்கிறது. சாரல் நாட்களில் இதை நினைத்தால் எனக்குள் ஏதோ அடங்குகிறது.

*

ஐந்தருவிக்குப் போகும் வழியில் மலை நெல்லிக்காய் விற்கிறார்கள். ஒன்றைக் கடித்தால் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடிக்கும். உமிழ்நீரில் புரோலின் நிறைந்த புரதங்கள் மிதக்கின்றன. நெல்லியின் துவர்ப்புப் பொருள்கள் உடம்பெல்லாம் ஹைட்ராக்சில் கொண்டவை. இரண்டும் வாய்க்குள்ளேயே சேர்ந்து படிந்துவிடுகின்றன. வழுவழுப்புப் போய், வாயின் தோல் தன்மேல் தானே உரசுவதைத்தான் துவர்ப்பு என்று உணர்கிறோம். கடுக்காயால் தோல் பதனிடுவதும் இதேதான். அங்கே புரதம் கொலாஜன்.

பாலிஅக்ரிலிக் அமிலக் கரைசலையும் பாலிஎதிலீன் ஆக்சைடு கரைசலையும் கலப்பது இன்னும் எளிய காட்சி. இரண்டும் தெளிந்தவை. அமிலத் தன்மை இருந்தால் கலந்ததும் வெண்மையாகத் திரிகிறது. கொஞ்சம் காரம் விட்டால் மறுபடி தெளிகிறது. அமிலத் தொகுதிகள் ஹைட்ரஜனை இழந்தால் பிணைக்க அவற்றிடம் எதுவும் இல்லை. 1964இல் பெய்லியும் உடன் பணியாற்றியவர்களும் இதை விரிவாக எழுதினார்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று.

*

புளியமரத்துக்கு இந்தப் பசையால் என்ன பயன்? விதைக்குள் அது சேமிப்பு. முளைக்கும்போது நொதிகள் அதை வெட்டிச் சர்க்கரையாக்கிக் குருத்துக்கு ஊட்டுகின்றன. ஆனால் பெரும்பாலான செடிகளின் வளரும் செல் சுவரிலும் சைலோகுளூக்கான் இருக்கிறது. 1973இல் பீட்டர் ஆல்பர்ஷைமின் குழு ஒரு படம் வரைந்தது: செல்லுலோஸ் நார்களின்மேல் சைலோகுளூக்கான் ஹைட்ரஜன் பிணைப்பால் படிந்து, சுவர் முழுவதையும் ஒரே வலையாக்குகிறது. வெகுகாலம் எல்லாரும் இந்தப் படத்தையே நம்பினார்கள்.

அப்படியானால் செடி எப்படி வளரும்? பிடிப்பு அவிழாமல் சுவர் நீளாது. 1992இல் டேனியல் காஸ்குரோவின் ஆய்வுக்கூடம், வெள்ளரி நாற்றின் சுவரிலிருந்து இரண்டு புரதங்களைப் பிரித்தெடுத்தது. அவற்றின் வகைக்கு எக்ஸ்பான்சின் என்று பெயர். அவை எதையும் வெட்டுவதில்லை. செல் தன் சுவரை அமிலமாக்கும்போது, நார்களுக்கு நடுவேயுள்ள பிடிப்பைத் தளர்த்துகின்றன, சுவர் வழுக்கி நீள்கிறது. சாரலுக்குப் பிறகு குற்றாலத்து மூங்கில் குருத்துகள் நாளுக்கு நாள் உயர்வதைப் பார்க்கும்போது, நீரின் அழுத்தம் உள்ளிருந்து தள்ள, பிடிப்புகள் விட்டும் பற்றியும் இடம் மாறுவதாக இப்போது எனக்குத் தெரிகிறது.

2008இல் ஓர் அதிர்ச்சி வந்தது. அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், சைலோகுளூக்கானின் தண்டில் சைலோஸ் கிளைகளைப் போடும் இரண்டு மரபணுக்களை நீக்கினார்கள். சைலோகுளூக்கானே தென்படவில்லை. வலையே இல்லாத செடி சரிந்திருக்க வேண்டும். அது சற்றுக் குட்டையாக, வேர்த்தூவிகள் கோணலாக, ஆனால் உயிரோடு, பூத்துக் காய்த்து நின்றது. 2012இல் பார்க் என்ற ஆய்வாளரும் காஸ்குரோவும் வெள்ளரிச் சுவரை நொதிகளால் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். சைலோகுளூக்கானை மட்டும் வெட்டும் நொதி சுவரைத் தளர்த்தவில்லை. செல்லுலோஸை மட்டும் வெட்டும் நொதியும் தளர்த்தவில்லை. இரண்டையும் வெட்டத் தெரிந்த நொதி மட்டுமே தளர்த்தியது. சுவரின் வலு, நார்களும் பசையும் மிக நெருங்கிப் பின்னிய சில சந்திகளில்தான் இருக்கிறது என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். மொத்தச் சைலோகுளூக்கானில் மிகச் சிறு பங்குதான் அந்த வேலையைச் செய்கிறது.

பிடிப்புகள் பலவாக, வரிசையாக நின்றால்தான் வலு என்று மேலே எழுதினேன். ஒரு சந்திக்குள் அது சரி. சுவர் முழுமைக்கும் அதை நீட்டிவிடக் கூடாது. எந்தச் சந்தி சுமக்கிறது, அங்கே மட்டும் தளர்த்த வேண்டும் என்று எக்ஸ்பான்சினுக்கு எப்படித் தெரிகிறது என்பதைத்தான் அடுத்துப் படிக்கப் போகிறேன்.